எந்த வில்சன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்சன் என்னும் குடும்பப் பெயரைத் தாங்கிய புகழ்பெற்றவர்களைக் குறித்து, வினாடி வினாவுக்குத் தயாராகும் மாணவர்களும், போட்டித் தேர்வு எழுதுபவர்களும், பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. இப்பெயருள்ள எல்லாரையும் பட்டியலிடுவது என் நோக்கம் அன்று. ஒருவரை இன்னொருவராக எண்ணிக் குழம்பக்கூடியவர்களையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை வில்சன்கள் இருக்கிறார்களே, எல்லாரும் ஒரே குடும்பமா?

இல்லை. வில்சன் என்பதற்கு வில் என்பவரின் மகன் என்று பொருள். வில் என்பது வில்லியம் என்னும் பெயரின் சுருக்கம். 1066-இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தை வென்ற அரசனின் பெயர் வில்லியம் என்பதால், அடுத்து வந்த தலைமுறைகளில் அப்பெயர் அந்நாட்டில் மிகப் பரவலாக இடப்பட்டது. தந்தையின் பெயரைச் சொல்லி மகனை அடையாளம் காட்டும் வழக்கம் காலப்போக்கில் மாறாத குடும்பப் பெயராக உறைந்தபோது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஊர்களில் வாழ்ந்த எத்தனையோ வில்லியம்களின் பிள்ளைகள் தனித்தனியே வில்சன் ஆனார்கள். நம் ஊரில் முருகேசன் என்ற தந்தைக்குப் பிறந்து 'மு.' என்று முன்னெழுத்துப் போடுபவர்கள் எல்லாரும் எப்படி உறவினர் அல்லரோ, அப்படியே இவர்களும்.

ஸ்காட்லாந்தில் ஸ்மித், பிரவுன் ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் இதுவே. கீழே வருபவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இத்தனை பேர் இருப்பதில் வியப்பில்லை. உண்மையான உறவு உள்ள இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். குறிப்பிடாத இடங்களில் உறவு இருப்பதாகக் கொள்ள வேண்டாம்.

புத்தகத்தில் வெறுமனே 'வில்சன்' என்று போட்டிருந்தால் யாரை எடுத்துக்கொள்வது?

காலத்தையும் துறையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் உலகப் போரும் சர்வதேச சங்கமும் அருகில் பேசப்பட்டால் அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன். தொழிற்கட்சியும் பவுண்டின் மதிப்புக் குறைப்பும் வந்தால் அவர் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன். இயற்பியலில் முகில் அறை என்று வந்தால் சி. டி. ஆர். வில்சன்; உயிரியலில் எறும்புகளும் உயிரினப் பன்மையும் வந்தால் எட்வர்ட் ஓ. வில்சன். ஹவாய்த் தீவுகள் ஏன் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன என்று பேசும் புவியியல் நூலில் வருபவர் கனடாவைச் சேர்ந்த ஜான் டூசோ வில்சன். ஆழத்தில் நிலையாக உள்ள வெப்ப மையத்தின் மேல் கடல்தளம் நகர்ந்து சென்றதால் அத்தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின என்று 1963-இல் விளக்கியவர் அவர்.

இந்திய வரலாற்று நூல்கள் மட்டும் இந்த எளிய முறைக்கு அடங்குவதில்லை. அங்கே குறைந்தது மூன்று வில்சன்கள் ஒரே காலப்பகுதியில் வருகிறார்கள். அவர்களைப் பற்றிக் கீழே விரிவாகக் காணலாம்.

உட்ரோ வில்சனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தார்களே, பிறகு ஏன் அவர் பெயரைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தார்கள்?

இரண்டு செயல்களுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. 1856-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த தாமஸ் உட்ரோ வில்சன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் நியூ ஜெர்சி மாநில ஆளுநராகவும் இருந்துவிட்டு, 1913 முதல் 1921 வரை அமெரிக்காவின் 28-ஆவது குடியரசுத் தலைவராகப் பதவி வகித்தார். முனைவர் பட்டம் பெற்ற ஒரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவரே. 1918 ஜனவரியில் அவர் வெளியிட்ட 14 அம்சத் திட்டமும், அதன் இறுதி அம்சமாக அமைந்த சர்வதேச சங்கமும் அவருக்கு 1919-ஆம் ஆண்டுக்கான அமைதிப் பரிசைப் பெற்றுத் தந்தன. ஆனால் அந்தச் சங்கத்தில் அவருடைய சொந்த நாடு சேரவில்லை. போரை முடித்து, அச்சங்கத்தையும் உருவாக்கிய வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் ஏற்க மறுத்துவிட்டது.

அதே மனிதரின் ஆட்சியில்தான், மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து அமர்த்தும் நடைமுறை பரவியது. அதை எதிர்த்து முறையிட வந்த கறுப்பினத் தலைவர்களிடம் அவர் அதை நியாயப்படுத்தியே பேசினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020-இல் தன் பொதுக்கொள்கைப் பள்ளிக்கு இட்டிருந்த அவருடைய பெயரை நீக்கியபோது காட்டிய காரணம் இந்த இனவாதமே. அவருடைய காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளான செயல் என்பதால், இன்றைய அளவுகோலால் பழைய மனிதரை அளக்கிறார்கள் என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை.

இங்கே சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்னி பெசன்ட் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்ட 1917 ஜூன் மாதத்தில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றிருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குத் தன்னாட்சி கிடைக்க உதவுமாறு உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதி, நம்பிக்கையானவர்கள் கையில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அது வெளிப்பட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சர்ச்சையானது. இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஐயர் தமக்கு அரசு அளித்திருந்த சர், திவான் பகதூர் ஆகிய பட்டங்களைத் துறந்தார்.

ஹரால்ட் வில்சன் அவருடைய சொந்தக்காரரா?

இல்லை. ஹரால்ட் வில்சன் 1916-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் பிறந்தவர். 1964 முதல் 1970 வரையிலும், பின்னர் 1974 முதல் 1976 வரையிலும் பிரிட்டனின் பிரதமராக இருந்தார். அவருடைய தலைமையில் தொழிற்கட்சி நான்கு பொதுத் தேர்தல்களில் ஆட்சிக்கு வந்தது. வியட்நாம் போருக்குப் பிரிட்டிஷ் படைகளை அனுப்ப மறுத்ததும், வீட்டிலிருந்தபடியே பட்டம் படிக்க வழி செய்த திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை 1969-இல் உருவாக்கியதும் அவருடைய காலத்தில் நிகழ்ந்தவை. இவற்றில் இரண்டாவதையே அவர் தம் பெரிய சாதனையாகக் கருதினார். நம் நாட்டில் பின்னாளில் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அதுவே முன்மாதிரியாக இருந்தது.

அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் ஹரால்ட் வில்சன் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஜேம்ஸ் வில்சன் என்ற பெயர் அடுத்து வரும் இரண்டு கேள்விகளிலும் தொல்லை கொடுக்கப் போகிறது.

இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்த வில்சன் யார்?

அவர் ஜேம்ஸ் வில்சன் (1805–1860). ஸ்காட்லாந்தின் ஹாயிக் என்ற சிற்றூரில் பிறந்து, தொப்பி உற்பத்தித் தொழிலில் ஈடுபட்டு, பொருளியலைத் தாமாகவே கற்றவர். வெளிநாட்டுத் தானியத்துக்கு விதிக்கப்பட்ட இறக்குமதி வரிகளை எதிர்த்துப் போராடுவதற்காக 1843-இல் லண்டனில் 'எக்கனாமிஸ்ட்' வார இதழைத் தொடங்கினார். ஆசியாவுடனான வணிகத்துக்காக 1853-இல் அவர் தொடங்கிய சார்ட்டர்ட் வங்கி, இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் ஒரு பாதி. 1857 எழுச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கருவூலம் வறண்டு கிடந்த நிலையில், வைஸ்ராய் அவையின் முதல் நிதி உறுப்பினராக 1859-இல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் முறையிலான முதல் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, வருமான வரியையும் விதித்தார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவாக வருமானம் உள்ளவர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது.

இதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் சென்னை மாகாண ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெலியன். புதிய வரிகள் மக்களிடையே கொந்தளிப்பை உண்டாக்கும் என்றும், செலவைக் குறைப்பதே சரியான வழி என்றும் கருதிய அவர், தம் எதிர்ப்புக் குறிப்பைச் செய்தித்தாள்களில் வெளியாகச் செய்தார். மைய அரசின் கொள்கையை ஒரு மாகாண ஆளுநர் வெளிப்படையாக எதிர்ப்பதை லண்டன் பொறுத்துக்கொள்ளவில்லை. 1860-இலேயே அவர் திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் அதிக நாள் இருக்கவில்லை. இந்தியா வந்து ஓராண்டு நிறைவதற்குள், அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் கல்கத்தாவில் இறந்தார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதவி பறிக்கப்பட்டுச் சென்ற டிரெவெலியனே சில ஆண்டுகளில் அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். அவர் பதவியில் இருந்த 1865-இல், ஐந்து ஆண்டுகளுக்கென்று இயற்றப்பட்டிருந்த வில்சனின் வருமான வரிச் சட்டம் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. தேர்வு எழுதுபவர்கள் '1860' என்ற ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரி நிலைத்து நிற்கவில்லை என்பதும், பின்னர் வேறு சட்டங்கள் வழியாகவே திரும்ப வந்தது என்பதும் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்ட ஜேம்ஸ் வில்சனும் இவரும் ஒருவரா?

அல்லர். கையெழுத்திட்டவர் 1742-இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பிலடெல்பியாவில் வழக்கறிஞரானவர். முந்தைய பதிலில் கண்ட ஜேம்ஸ் வில்சன் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1798-இல் அவர் இறந்துவிட்டார். 1776-இன் விடுதலைப் பிரகடனம், 1787-இன் அரசியலமைப்பு ஆகிய இரண்டிலும் கையெழுத்திட்டவர்கள் ஆறு பேரே. அவர்களுள் இவர் ஒருவர். குடியரசுத் தலைவரை வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கும் முறையை அரசியலமைப்பு மாநாட்டில் முன்மொழிந்தவரும் இவரே. ஜார்ஜ் வாஷிங்டன் நியமித்த முதல் உச்சநீதிமன்ற நீதிபதிகளிலும் இவர் இடம்பெற்றார்.

இருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் என்பதைத் தவிர ஒற்றுமை ஏதும் இல்லை. பண விஷயத்தில் நேர் எதிரானவர்கள் என்றே சொல்லலாம். ஒருவர் ஒரு பேரரசின் கடனைத் தீர்க்க அனுப்பப்பட்டவர். மற்றவரோ நிலங்களை வாங்கிக் குவித்துக் கடனில் மூழ்கி, உச்சநீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போதே கடனுக்காகச் சிறையில் அடைபட்டு, இறுதியில் கடன்காரர்களுக்கு அஞ்சி வட கரோலினாவுக்கு ஓடிப்போய் அங்கேயே இறந்தவர்.

1860-இல் இறந்த வில்சன் சமஸ்கிருத அகராதி எழுதியவர் என்று ஒரு நூலில் படித்தேன். வரி போட்டவர் அகராதியும் எழுதினாரா?

அந்த ஆண்டில் இறந்த வில்சன்கள் இருவர் என்பதால் வந்த குழப்பம் இது. அகராதியை எழுதியவர் ஹொரேஸ் ஹேமன் வில்சன். 1786-இல் லண்டனில் பிறந்து, மருத்துவராகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் 1808-இல் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே நாணயச் சாலையில் உலோகத் தரம் பார்க்கும் அதிகாரியாக வேலை செய்தவர். 1819-இல் வெளியான அவருடைய சமஸ்கிருத-ஆங்கில அகராதி அவ்வகையில் முதலாவது. 1832-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் சமஸ்கிருதப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பினார். 1860 மே மாதத்தில் லண்டனில் இறந்தார். வரி விதித்தவர் இறந்தது அதே ஆண்டு ஆகஸ்டில், கல்கத்தாவில்.

தமிழ் வாசகர்களுக்கு இவர் அறிமுகமாக வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. தென்னிந்தியா முழுவதும் அலைந்து ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி 1821-இல் இறந்தபின், அந்தப் பெருந்தொகுப்புக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை 1828-இல் அச்சிட்டவர் இந்த வில்சன். அதில் தமிழ், தெலுங்கு, கன்னட ஏடுகள் பல இடம்பெற்றிருந்தன. ஆனால் தென்மொழிகளில் அவருக்குப் பயிற்சி இல்லாததால், மெக்கன்சியின் இந்திய உதவியாளர்கள் எழுதி வைத்திருந்த ஆங்கிலச் சுருக்கங்களையே அவர் பெரிதும் சார்ந்திருந்தார். தமிழ் நூல்களைப் பற்றி அப்பட்டியல் சொல்வதை அந்தக் கவனத்தோடுதான் படிக்க வேண்டும். மெக்கன்சி தொகுப்பின் ஒரு பகுதி இப்போது சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

மும்பை வில்சன் கல்லூரி இந்த இருவரில் யார் பெயரில் இருக்கிறது?

இருவர் பெயரிலும் இல்லை. அது ஸ்காட்லாந்து மிஷனரியான ஜான் வில்சன் (1804–1875) பெயரில் அமைந்தது. 1829-இல் பம்பாய்க்கு வந்து, 1832-இல் அவர் தொடங்கிய பள்ளியே பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவர் இருந்தார். இரண்டாம் கேள்வியில் நான் குறிப்பிட்ட மூன்று இந்திய வரலாற்று வில்சன்கள் இத்துடன் முடிகிறார்கள்.

நோபல் பரிசு வாங்கிய வில்சன்கள் மொத்தம் எத்தனை பேர்?

ஐவர். அமைதிப் பரிசு பெற்ற உட்ரோ வில்சனை மேலே கண்டோம். மற்ற நால்வரில் மூவர் இயற்பியலாளர்கள், ஒருவர் பொருளியலாளர்.

இயற்பியலாளர்களில் மூத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன், அதாவது சி. டி. ஆர். வில்சன் (1869–1959). 1894-இல் பென் நெவிஸ் மலையுச்சியிலிருந்த வானிலை ஆய்வகத்தில் சில நாள் தங்கியபோது, மேகத்தின் மீது விழும் கதிரவன் ஒளி உண்டாக்கும் வண்ண வளையங்களைக் கண்டு வியந்து, அவற்றை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்க முயன்றார். அந்த முயற்சி அவரை வேறு ஓரிடத்துக்குக் கொண்டு சென்றது. ஈரக்காற்று நிறைந்த கலத்தைத் திடீரென விரிவடையச் செய்தால், அதன் வழியே பாயும் மின்னேற்றமுள்ள துகளின் பாதை நெடுகிலும் நுண்ணிய நீர்த்துளிகள் படிந்து, கண்ணுக்குத் தெரியாத துகளின் தடம் ஒரு வெண்கோடாகத் தெரிந்தது. இதுவே முகில் அறை. 1927-இல் ஆர்தர் காம்ப்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1932-இல் பாசிட்ரான் என்னும் துகள் கண்டுபிடிக்கப்பட்டதும் இத்தகைய அறையில்தான். மேகங்களை ரசிக்கப் போனவரின் கருவி அணுத்துகள் ஆய்வுக்கு இப்படி அடித்தளமானது, இந்தப் பக்கத்தில் உள்ளவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கென்னத் வில்சன் (1936–2013), நீர் கொதிப்பது போன்ற நிலைமாற்றங்களைக் கணிக்கும் கோட்பாட்டுக்காக 1982-இல் தனியொருவராக இயற்பியல் பரிசு பெற்றார். இவருடைய தந்தை பிரைட் வில்சன் ஹார்வர்டில் புகழ்பெற்ற வேதியியலாளர். எனவே குவாண்டம் இயற்பியல் தொடர்பான பழைய நூல்களில் காணும் 'வில்சன்' தந்தையா மகனா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய இருவரும் ராபர்ட் வில்சன்கள்; அவர்களுக்குத் தனிக் கேள்வியே தேவைப்படுகிறது.

ராபர்ட் வில்சன் வானியலாளர் என்கிறார்கள், பொருளியலாளர் என்கிறார்கள், துகள் முடுக்கி கட்டியவர் என்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரி, மூவரும் வெவ்வேறு மனிதர்கள். நடுப்பெயரைக் கேட்காமல் இவர்களைப் பிரிக்க வழியே இல்லை.

1936-இல் ஹூஸ்டனில் பிறந்த ராபர்ட் உட்ரோ வில்சன், ஆர்னோ பென்சியாசுடன் சேர்ந்து 1964-இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்னுமிடத்தில் கொம்பு வடிவப் பெரும் அலைவாங்கி ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார். எத்திசையில் திருப்பினாலும் ஒரே அளவில் மெல்லிய இரைச்சல் கேட்டது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அகற்றி, எச்சத்தைத் துடைத்த பின்னும் அது போகவில்லை. பெருவெடிப்புக்குப் பின் அண்டமெங்கும் எஞ்சி நிற்கும் கதிர்வீச்சே அது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1978-இன் இயற்பியல் பரிசில் ஒரு பாதியை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பெயரில் 'உட்ரோ வில்சன்' முழுமையாக இருப்பதால், குடியரசுத் தலைவரே இயற்பியல் பரிசும் பெற்றார் என்று எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன்.

ராபர்ட் பட்லர் வில்சன் 1937-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்த பொருளியலாளர். ஏலங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்ற ஆய்வுக்காகத் தம் மாணவர் பால் மில்கிராமுடன் 2020-இல் பரிசு பெற்றார். இருவரும் எதிரெதிர் வீடுகளில் வசித்ததால், பரிசுச் செய்தியை ஆசிரியரே நள்ளிரவில் தெருவைக் கடந்து போய், கதவைத் தட்டி மாணவரை எழுப்பிச் சொன்னார். பல அலைக்கற்றைகளை ஒரே நேரத்தில் சுற்றுச் சுற்றாக ஏலம் விடும் முறை இவர்கள் வகுத்தது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய அம்முறையை ஒட்டியே இந்தியாவிலும் 2010-இல் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலம் நடந்தது.

மூன்றாமவர் ராபர்ட் ராத்பன் வில்சன் (1914–2000); நோபல் பரிசு பெறாதவர். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இவ்வளவு செலவில் கட்டும் முடுக்கி நாட்டின் பாதுகாப்புக்கு எப்படி உதவும் என்று 1969-இல் நாடாளுமன்றக் குழு கேட்டபோது, நேரடியாக உதவாது என்றும், ஆனால் நாட்டைப் பாதுகாக்கத் தகுந்ததாக ஆக்க உதவும் என்றும் பதிலளித்தவர் இவரே. புரோட்டான் கற்றையைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகளுக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்று 1946-இலேயே எழுதியவரும் இவர்தான். அத்தகைய சிகிச்சை மையம் ஒன்று 2019-இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

வில்சன் தேற்றம் இந்த இயற்பியலாளர்களில் யாருடையது?

யாருடையதும் இல்லை. அது 18-ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் படித்த ஜான் வில்சன் (1741–1793) பெயரால் வழங்குகிறது. மும்பைக் கல்லூரியின் ஜான் வில்சன் வேறு. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, 1 முதல் அதற்கு முந்தைய எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி, வரும் விடையோடு 1 கூட்டினால், அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7-ஐ எடுத்தால், 1 முதல் 6 வரை பெருக்க 720. 1 கூட்ட 721. அது 7 பெருக்கல் 103. பகா எண் அல்லாத 6-ஐ எடுத்தால் 121 கிடைக்கும். அது 6-ஆல் வகுபடாது.

வேடிக்கை என்னவென்றால், வில்சன் இதை நிறுவவே இல்லை. அவருடைய ஆசிரியர் எட்வர்ட் வாரிங் 1770-இல் நிறுவலின்றி வெளியிட்டார். அடுத்த ஆண்டு லாக்ராஞ்சு நிறுவினார். அதற்கு ஏறத்தாழ 770 ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல் ஹைத்தம் இதை அறிந்திருந்தார். வில்சனோ கணிதத்தை விட்டுச் சட்டம் பயின்று நீதிபதியாகிவிட்டார்.

செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் குடித்தால் வில்சன் நோய் வரும் என்கிறார்களே?

வராது. அது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணுவைப் பெற்றவர்களுக்கு மட்டுமே வரும் பிறவிக் குறை. உணவில் இயல்பாகவே உள்ள செம்பின் மிகுதியைப் பித்தநீர் வழியாக வெளியேற்ற உடலால் முடியாமல் போவதால், அது கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய குறைகளுக்கு வாய்ப்புக் கூடுதல். நோய் உள்ளவர்களைச் செம்புப் பாத்திரங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள்; அந்த அறிவுரைதான் திரிந்து இப்படி ஒரு வதந்தியாகியிருக்கிறது.

பெயருக்குரியவர், 1912-இல் இந்நோயை விரிவாக விவரித்த நரம்பியல் மருத்துவர் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன்.

எறும்பு ஆராய்ச்சி செய்த வில்சன் ஏன் இவ்வளவு சர்ச்சைக்கு ஆளானார்?

எட்வர்ட் ஆஸ்பர்ன் வில்சன் (1929–2021) அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் மீன் பிடிக்கும்போது மீனின் முள் குத்தி வலக்கண்ணில் பார்வை இழந்தார். தொலைவிலுள்ள விலங்குகளையும் பறவைகளையும் ஆராய்வது கடினமானதால், கைக்கருகில் வைத்துப் பார்க்கக்கூடிய பூச்சிகளின் பக்கம் திரும்பினார். எறும்புகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தவரை யாரும் குறை சொல்லவில்லை. 1975-இல் வெளியிட்ட நூலின் இறுதி அதிகாரத்தில், மனிதரின் சமூக நடத்தைக்கும் மரபணு சார்ந்த அடிப்படை உண்டு என்று விரித்துச் சொன்னபோதுதான் எதிர்ப்பு மூண்டது. அது இனவாதத்துக்கும் சமூக ஏற்றத்தாழ்வுக்கும் அறிவியல் முலாம் பூசும் என்று அவருடைய பல்கலைக்கழகச் சகாக்களே எழுதினார்கள். 1978-இல் ஓர் அறிவியல் மாநாட்டு மேடையில் அவர் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள்.

மனிதரின் மரபணு வரலாறு பற்றிய கட்டுரைகளில் வரும் வில்சன் இவர் அல்லர். தாய்வழி மரபணுவைக் கொண்டு இன்றைய மாந்தர் அனைவரின் பொதுத் தாய் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவள் என்று 1987-இல் காட்டிய குழுவின் தலைவர், நியூசிலாந்தில் பிறந்த ஆலன் வில்சன்.

அன்டார்டிகாவில் இறந்த வில்சன் பெயரில்தான் அந்தக் கடற்பறவைக்குப் பெயர் வைத்தார்களா?

அப்படித்தான் தோன்றும், உண்மை வேறு. ராபர்ட் ஸ்காட்டின் தென்முனைப் பயணத்தில் உடன் சென்று 1912-இல் கூடாரத்தில் அவரோடு உயிரிழந்த மருத்துவர் எட்வர்ட் ஏட்ரியன் வில்சன், பறவைகளை வரைவதில் வல்லவர். பேரரசப் பென்குயினின் முட்டைகளுக்காக அன்டார்டிகக் குளிர்கால இருட்டில் நடந்து போனவர். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் எனப்படும் சிறிய கருநிறக் கடற்பறவை அன்டார்டிகாவில் முட்டையிடுவதால், பெயர் அவரைக் குறிப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அப்பறவை அவர் பிறப்பதற்கு முன்பே அப்பெயரைப் பெற்றுவிட்டது.

பெயருக்குரியவர் அலெக்சாண்டர் வில்சன் (1766–1813). ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் நெசவாளராக இருந்து, ஆலை முதலாளியைக் கிண்டல் செய்து பாட்டு எழுதியதற்காகச் சிறை சென்று, பின் அமெரிக்காவுக்குப் போய் அந்நாட்டுப் பறவைகளை 9 தொகுதிகளில் வரைந்தும் விவரித்தும் வெளியிட்டவர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பறவை இந்தியக் கடல்களுக்கும் வருகிறது.

வில்சன் மலை வானாய்வகம் உட்ரோ வில்சன் நினைவாகக் கட்டியதா?

இல்லை. கலிபோர்னியாவின் அம்மலைக்குப் பெயர் தந்தவர் பெஞ்சமின் டேவிஸ் வில்சன் என்னும் பண்ணையார்; லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேயராகவும் இருந்தவர். மரம் வெட்டிக் கொண்டுவர 1864-இல் மலைமேல் பாதை அமைத்தார். வானாய்வகம் 1904-இல்தான் தோன்றியது. எட்வின் ஹபிள் அங்கிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் நம் பால்வழி விண்மீன் மண்டலத்துக்கு அப்பாலும் விண்மீன் மண்டலங்கள் உண்டு என்று நிறுவினார்.

பெண்களில் பெரிய வில்சன்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் திருமணத்தின்போது பெண்கள் கணவரின் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கம் தேடலைச் சிக்கலாக்குகிறது. வில்சனாகப் பிறந்தவர்கள் வேறு பெயரில் மறைகிறார்கள். வேறு பெயரில் பிறந்தவர்கள் வில்சனாகப் புகழ் பெறுகிறார்கள். கனடா உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1982-இல் நியமிக்கப்பட்ட பெர்த்தா வில்சன், ஸ்காட்லாந்தில் பெர்த்தா வெர்னமாகப் பிறந்தவர். அந்நாட்டு செனட்டின் முதல் பெண் உறுப்பினராக 1930-இல் அமர்ந்த கெய்ரீன் வில்சனின் பிறப்புப் பெயர் மக்கே. ஆண்களிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பெரும்பாலும் பிட்ஸ்பர்க் நகரைக் களமாகக் கொண்டு, கறுப்பின மக்கள் வாழ்வை 20-ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக 10 நாடகங்களில் எழுதிய ஆகஸ்ட் வில்சன் (1945–2005), ஜெர்மானியத் தந்தையின் கிட்டல் என்ற பெயரோடு பிறந்து, கறுப்பினத் தாயின் பெயரான வில்சனைத் தாமே ஏற்றவர்.

நம் ஊரிலும் வில்சன் என்று நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

முதலில் அது அவருடைய குடும்பப் பெயரா, அவருக்கே இட்ட பெயரா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில், குறிப்பாகத் தெற்கு மாவட்டங்களில், வில்சன் என்பது பிள்ளைக்கு இடும் பெயர். தந்தை பெயர் முன்னெழுத்தாக வரும். வழக்கறிஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான பி. வில்சனின் பெயர் இவ்வகை. கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராகப் போராடி 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஸ்வாடா வில்சன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருக்கு பெஸ்வாடா என்பதே குடும்பப் பெயர். உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை 1958-இலும் 1964-இலும் வென்ற வில்சன் ஜோன்சுக்கும் வில்சன் முதற்பெயரே.

குடும்பப் பெயராகவே வில்சனைக் கொண்ட தமிழரும் உண்டு. இலங்கையின் அரசியல் அறிவியலாளர் ஆல்ஃபிரட் ஜெயரத்தினம் வில்சன் (1928–2000) தந்தை செல்வா எனப்படும் இலங்கைத் தமிழர் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மருமகன், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் கனடாவின் நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்து, இலங்கை இனச் சிக்கலைப் பற்றி விரிவாக எழுதியவர். யாழ்ப்பாணக் கிறிஸ்தவரிடையே ஆங்கிலப் பெயர்களைத் தமிழ்ப் பெயரோடு சேர்த்து வழங்குவது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகிய பெயர்களை நினைத்துப் பார்க்கலாம்.

ஆகவே அகரவரிசைப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஜெயரத்தினம் வில்சனையும் பி. வில்சனையும் 'வி' வரிசையில் வைக்கலாம். பெஸ்வாடா வில்சனை 'பெ' வரிசையிலும் வில்சன் ஜோன்சை 'ஜோ' வரிசையிலும் வைத்து, 'வி' வரிசையில் அவர்களுக்கு ஒரு சுட்டு மட்டும் கொடுப்பதே முறை.